ஹனோய் இரவு ரயிலும் சைகோன் பென்ஷனும்

புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கு சைகோன் என்பது தூரத்து ஊர் அல்ல. தெருவுக்கு ஒருவராவது அங்கே போய் வந்தவர் இருந்தார். சொல்தாவாகப் போனவர், போலீசில் இருந்தவர், வரி ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர் என்று பல வகை. இப்போது அதே நாட்டுக்கு டூர் கம்பெனிகள் நம்மை அழைத்துப் போகின்றன. நடுவில் ஒரு ராத்திரி, ஹனோயிலிருந்து ஹுவே வரை ஸ்லீப்பர் ரயில். அந்தப் பாதையின் வரலாறு நம் ஊரையும் தொடுவதால் எழுதுகிறேன்.

முதலில் ரயில். ஓர் அறையில் நான்கு பெர்த். எங்கள் குழுவில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். மேல் பெர்த்தில் யார் ஏறுவது என்று பேசி முடிக்கவே அரை மணி ஆயிற்று. ஸ்டேஷனுக்கு அவர்கள் மொழியில் 'கா' என்று பெயர். பிரெஞ்சில் படித்தவர்களுக்கு உடனே புரியும், அது 'கார்' என்ற சொல்தான். தண்டவாள அகலம் ஒரு மீட்டர். 1879ல் திறந்த நம் விழுப்புரம் பாதையும் மீட்டர் கேஜாகத்தான் வெகுகாலம் இருந்தது. அந்த ஆட்டம் நமக்குப் பழக்கம்.

இந்தப் பாதையைத் திட்டமிட்டவர் போல் துமேர். 1897 முதல் 1902 வரை இந்தோசீனாவின் கவர்னர் ஜெனரல். பிற்பாடு பிரான்சின் ஜனாதிபதியாகி, 1932ல் சுட்டுக் கொல்லப்பட்டவர். ரயில்வேக்காக 1898ல் 20 கோடி பிராங்க் கடன் வாங்க அனுமதி கிடைத்தது. கடனை அடைத்தது யார் என்பதுதான் கேள்வி. உப்பு, சாராயம், அபின் மூன்றையும் சர்க்கார் ஏகபோகமாக்கி, அதில் வந்த பணத்தால் கஜானாவை நிரப்பினார் துமேர். ஆக, உப்பு வாங்கிய ஒவ்வொரு குடியானவனும் இந்தத் தண்டவாளத்துக்குப் பணம் கட்டியிருக்கிறான்.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஹனோய் முதல் வின் வரை 1905ல் முடிந்தது. சைகோன் முதல் ஞா சாங் வரை 1913ல். நடுப்பகுதிகள் மெல்ல மெல்லச் சேர்ந்து, 1936 அக்டோபரில்தான் 1,726 கிலோமீட்டரும் ஒன்றாயிற்று. ஹனோயிலிருந்து சைகோனுக்குச் சுமார் 40 மணி நேரப் பயணம். வசதியுள்ளவர்களுக்குப் படுக்கை வண்டியும் சாப்பாட்டு வண்டியும் இருந்தன. வியட்நாமியரில் பெரும்பாலோர் போனது நாலாம் வகுப்பில்.

நம்மவர்கள் எந்தப் பக்கம் இருந்தார்கள்? 1881ல் வந்த ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சட்டத்தை ஏற்றுக்கொண்ட புதுச்சேரிக்காரர்கள் அங்கே பிரெஞ்சுக் குடிமக்களாக நடத்தப்பட்டார்கள். சைகோனில் உத்தியோகமும் பார்த்தார்கள், ஓட்டும் போட்டார்கள். அந்த மண்ணின் ஜனங்களோ பெரும்பாலும் வெறும் பிரஜைகள். நம் தெருக்களில் சில மாடி வீடுகள் எழும்பியதும், பெண்களுக்குக் கல்யாணம் நடந்ததும், கிழவர்களுக்குப் பென்ஷன் வந்ததும் அந்தச் சம்பளத்தில்தான். அவர்கள் உழைத்துச் சம்பாதித்தவர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் வரி வாங்கும் ஜன்னலுக்கு உள்ளே நம்மவர், வெளியே உப்புக்குக் காசு கொடுத்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் ஆபீசில் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தவன் நான். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும்.

முழுப் பாதையாக அது ஓடிய காலம் குறைவு. சண்டையில் பாலங்கள் தகர்ந்தன. 1954 ஜெனீவா உடன்படிக்கைக்குப் பிறகு பென் ஹாய் ஆறு எல்லைக்கோடானது. வடக்கும் தெற்கும் பிரிந்தன, ரயிலும் அறுந்தது. அப்புறம் அமெரிக்க குண்டுவீச்சு. 1975ல் யுத்தம் முடிந்ததும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாலங்களைச் செப்பனிட்டு, 1976 டிசம்பர் 31ல் மறுபடி ரயில் விட்டார்கள். அறுந்து 22 வருஷம் கழித்து! கட்டி முடிக்க வெள்ளைக்காரனுக்கு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆனதை, பட்டினிக் காலத்தில் இவர்கள் ஒன்றரை வருஷத்தில் ஒட்டவைத்தார்கள். அந்த ரயிலுக்கு அவர்கள் வைத்த பெயருக்கு 'ஒன்றிணைவு' என்று அர்த்தம்.

ஹுவேக்குச் சில மணி நேரம் முன்னால் அந்த ஆற்றை ரயில் கடக்கிறது. பெரிய ஆறு இல்லை, நம் சங்கராபரணியைப் போலத்தான். டூர் கைடு சொல்லமாட்டார். தோங் ஹோய் ஸ்டேஷன் தாண்டியதும் திரையை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். சைகோன் பென்ஷனில் வளர்ந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பாலத்தை ஒரு தடவையாவது விழித்திருந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.