திறந்த நூலகம் (பெங்களூரு)

பூட்டும் காவலும் இல்லாமல், எடுப்பவரின் பொறுப்பை நம்பி நடக்கும் பள்ளி நூலகத்தைத் திறந்த நூலகம் என்கிறார்கள். இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு, பெங்களூருக்கு மேற்கே மாகடி வட்டம் வரதேனஹள்ளியில் உள்ள சென்டர் ஃபார் லேர்னிங் பள்ளியின் நூலகம். 1990-இல் ஆசிரியர்கள் சிலர் கூடித் தொடங்கிய இப்பள்ளியில் தலைமையாசிரியர் பதவியே கிடையாது; ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனையில் ஊறிய இது, தண்டனை, பரிசு இரண்டையும் ஒதுக்கியது. நூலகத்தை வளர்த்தவர் உஷா முகுந்தா.

நடைமுறை எளியது. அறை எந்நேரமும் திறந்திருக்கும். வாசலில் உட்கார்ந்து பையைப் பார்க்க ஆள் இல்லை. புத்தகத்தை எடுக்கும் பிள்ளையே பதிவு செய்துகொள்ளும். திருப்பி வைக்கும்போதும் அப்படியே. இருப்புச் சரிபார்ப்பிலும் மாணவர்கள் கைகொடுக்கிறார்கள். பீரோவில் புத்தகம், சாவி ஆசிரியரின் கைப்பையில், அதிகாரி வரும் நாளில் மட்டும் கண்காட்சி என்று பழகிய நமக்கு இது கொஞ்சம் மிகையாகத்தான் தெரியும்.

புத்தகம் தொலைவதில்லையா? தொலைகிறது. இம்முறையின் உயிரே அந்த இடத்தில்தான். ‘எடுத்தது யார்’ என்ற விசாரணை நடப்பதில்லை; காணாமல் போனது எல்லோருடைய இழப்பாகக் கூட்டத்தில் பேசப்படுகிறது. நம்பிக்கை ஒருமுறை பொய்த்துவிட்டது என்பதற்காகப் பூட்டு வந்துவிடுவதில்லை.

இதே பெங்களூரு 2022 நவம்பரில் வேறொரு காட்சியைக் கண்டது. செல்போன் கொண்டுவருகிறார்களா என்று நகரின் பள்ளிகள் சிலவற்றில் மாணவர் பைகளைச் சோதித்தபோது சிகரெட், லைட்டர், கருத்தடைச் சாதனங்கள் கிடைத்ததாகச் செய்தி வந்தது. பிள்ளைகளை நீக்காமல் பெற்றோரை அழைத்து மனநல ஆலோசனைக்கு வழிசொன்னது நல்ல முடிவு. ஆனால் பையைத் திறந்து பார்ப்பதால் பையில் உள்ளது தெரியும், அவ்வளவுதான்.

வரதேனஹள்ளிப் பள்ளி ஒதுக்கிய தண்டனை, பரிசு இரண்டுக்கும் வருவோம். பிரம்பு சட்டப்படி போய்விட்டது. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பிரம்பு இருந்த இடத்துக்கு நட்சத்திர ஸ்டிக்கர் வந்தது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மார்க் லெப்பர் குழுவினர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மழலையர், பின்னர் தாமாக வரைவதில் முன்பைவிடக் குறைவாகவே நேரம் செலவிட்டார்கள்.

நூலகத்துக்குத் திரும்பினால், திறந்த அலமாரி நமக்குப் புதிதல்ல. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகரை அலமாரிவரை போகவிட்டவர். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக்கினார். 1962-இல் பெங்களூரில் ஆவணமாக்கல் ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கி, 1972-இல் அதே நகரில் மறைந்தார்.

வரதேனஹள்ளி முறையை அப்படியே பெயர்த்து நடுவது கடினம். அது சிறிய பள்ளி. பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்தவர்கள். அறுபது பேர் நெருக்கியடிக்கும் வகுப்பில் அந்தப் பழக்கத்துக்கு இடமில்லை. இருந்தாலும், தமிழ்நாட்டின் ‘புத்தகப் பூங்கொத்து’ திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளி வகுப்பறைக்குள்ளேயே, பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்துக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. புத்தகங்களைத் திறந்து வைக்கத் தடையாக நின்றது பெரும்பாலும் பிள்ளைகளின் குணமல்ல, இருப்புப் பதிவேடு. ஒரு புத்தகம் குறைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். கிழிந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்று அஞ்சுபவர் பீரோவைப் பூட்டத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் இந்த அச்சத்துக்கு ஒரு வழி சொல்கின்றன. ஆண்டில் வாசகர் எடுத்துப் பயன்படுத்தும் ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைவது, அதில் நேர்மைக் குறைவோ அலட்சியமோ இல்லாதவரை, இயல்பான இழப்பு என்று அவை ஏற்கின்றன.