விரலை மீட்ட நுண்தையல்



அரிவாளைப் பற்றவும், எழுதுகோலைப் பிடிக்கவும், ஊசியில் நூல் கோக்கவும் நமக்குத் துணைநிற்பது பெருவிரல். அதனை இழந்த தொழிலாளி தன் தொழிலையே இழக்க நேரிடுகின்றது. போன விரலை மீண்டும் ஆக்குதல் கூடுமோ என்னும் வினா மருத்துவர்களை நெடுங்காலம் வருத்திற்று.

மெல்லிய தோலை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறோரிடத்தில் ஒட்டினால், அது புண்ணின் ஈரத்தை உண்டு பிழைத்துக்கொள்ளும். கொழுப்பும் எலும்பும் கொண்ட தடித்த துண்டோ, குருதி கிட்டாவிடின் மாண்டுவிடும். ஆதலின், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒஸ்திரிய நாட்டு மருத்துவர் நிக்கொலடோனி, நோயாளியின் கையைக் காலோடு பிணைத்து வைத்தே கால்விரலைக் கைக்கு மாற்றினார். அவ்விரல் கையின் குருதியைப் பெற்று வாழத் தொடங்கும்வரை நோயாளி உடலை வளைத்தபடியே கிடக்க வேண்டியிருந்தது.

இத்தளையை நீக்க வழிகாட்டியவர் பிரான்சிய மருத்துவர் அலெக்சிஸ் கரல். லியோன் நகரில் பூவேலைத் தையற்காரி ஒருவரிடம் நுண்தையல் பயின்ற அவர், குருதிக்குழாய்களை ஒன்றோடொன்று தைத்திணைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு பெற்றார். ஆயினும், விரலின் நாடி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அகலமே உடையது; வெறுங்கண் கொண்டு அதனைத் தைத்தல் அரிது. 1960இல் அமெரிக்க மருத்துவர் யேக்கப்சன் நுணுக்குக்காட்டியின் துணையுடன் சிறு குழாய்களைத் தைத்துக் காட்டினார். அதன்பின்னரே வழி பிறந்தது.

1965இல் யப்பானின் நாராவில் கொமற்சுவும் தமாயும், முற்றாகத் துண்டிக்கப்பட்ட பெருவிரலொன்றை மீளப் பொருத்தினர். 1966இல் சீனாவின் ஷங்காய் நகரில் யாங் டோங்யூ, காலின் இரண்டாம் விரலை எடுத்து, ஒரே சத்திரசிகிச்சையிற் கைப்பெருவிரலாக அமைத்தார். 1973இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் ரெயிலரும் டானியலும், தொடைச்சந்தின் தோலையும் கொழுப்பையும் அவற்றின் குருதிக்குழாய்களோடு அறுத்தெடுத்துக் காலிற் பட்ட காயத்தை மூடினர். இம்முறையைப் பின்பற்றியே, எலும்பு வெளித்தெரியச் சிதைந்த விரல்களுக்குக் கால்விரல், முன்கை முதலிய இடங்களிலிருந்து சிறு சதைத்துண்டுகளை இன்று எடுத்துப் பொருத்துகின்றனர். நரம்பையும் சேர்த்துத் தைத்தால் தொடுவுணர்வும் ஓரளவு மீளக்கூடும்.

நேயர்களே, கையும் காலும் பிணைபட்டுக் கிடந்து அன்று நோயாளி காத்த பொறுமையை, இன்று நுணுக்குக்காட்டியின் முன் பல மணிநேரம் அமர்ந்து மருத்துவர் காக்கின்றார். துன்பத்தின் சுமையை நோயாளியின் தோளிலிருந்து தன் தோளுக்கு மாற்றிக்கொள்வதே கல்வியின் பயன் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?