லயத்துப் புகையும் சயரோகமும்

நுவரெலியாவின் காற்று ஒரு காலத்தில் மருந்தாகவே கருதப்பட்டது. 1820ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 6,200 அடி உயரத்திலுள்ள அவ்விடத்தில் தமக்கொரு மாளிகை எழுப்பியதோடு, தாழ்நிலத்து வெப்பத்தால் நலிந்த ஆங்கிலப் படைவீரர் உடல் தேறுவதற்கான நிலையமொன்றையும் அமைத்தார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலும் மலைக்காற்றே சயரோகத்துக்கு மாற்று என்னும் நம்பிக்கை வேரூன்றியது. ஆயினும் அதே மலைகளில், கூப்பிடு தூரத்தில், வேறொரு காற்றைச் சுவாசித்து வாழ்ந்தோரும் இருந்தனர்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பெரும்பாலும் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். அவர்களுக்கு வேண்டியிருந்தது தற்காலிக ஒதுக்கிடமே. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. கோப்பி அழிந்த நிலங்களில் தேயிலை பரவியது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் நிலைத்துத் தங்கின. ஒதுக்கிடமாக எழுந்த கட்டட முறையோ மாறவில்லை. பல தலைமுறைகளுக்கு அதுவே வீடாயிற்று.

வரிசை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே லயன் என்றும் லயம் என்றும் தமிழாயிற்று. இசையில் வரும் லயத்துக்கும் இதற்கும் யாதோர் உறவுமில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பதே ஒரு காம்பராவின் வழக்கமான அளவு. பல லயங்களில் இரண்டு வரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றமையால், பின்புறத்தில் சாளரம் வைக்க வழியே இல்லை. உறங்குவதும், உண்பதும், பிள்ளை பெறுவதும், நோயாளியைக் கிடத்துவதும் அந்த ஓரறையிலேயே. அடுப்பும் அங்கேயே, அன்றேல் அதனை ஒட்டிய இஸ்தோப்பிலே.

விடியுமுன் பெரட்டுக்குச் செல்ல வேண்டிய பெண், இருளிலேயே எழுந்து அடுப்பு மூட்டுவாள். எரிபொருள் பெரும்பாலும் கவாத்து வெட்டியபின் கிடைக்கும் மிலாறு. மழை ஓயாத ஹட்டன், டிக்கோயாப் பகுதிகளில் அது நன்றாய்க் காய்வது அரிது. ஈர விறகு எரிவதைவிடப் புகைவதே மிகுதி. வெளியே பனியும் குளிர்காற்றும். ஆகவே கதவைத் திறக்க மனம் வராது. புகைபோக்கியும் இல்லை. கூரைத் தகரத்தில் கரி படிந்து கறுத்திருக்கும். அந்தக் கரியின் ஒரு பங்கு ஊதுகுழல் பிடித்த தாயின் நுரையீரலுக்குள்ளும், அவள் மடியிற் கிடந்த குழந்தையின் நுரையீரலுக்குள்ளும் சென்றது. தோட்டத்தில் இருமல் எழுந்தால் குளிரின் மேலேயே பழி விழுந்தது.

புகைக்கும் சயரோகத்துக்கும் தொடர்புண்டு என்னும் ஐயம் புதியதன்று. இலண்டன் மாநகரின் நிலக்கரிப் புகையே அந்நகர மக்களிடையே இருமலும் சயமும் மலியக் காரணம் என்று ஜான் ஈவ்லின் 1661இலேயே எழுதினார். 1882 மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் கோக், நோய்க்குக் காரணமான கிருமியை உலகுக்கு அறிவித்தார். அதன்பின் புகையின் மேலிருந்த குற்றச்சாட்டுச் சற்று மங்கியது. கிருமியின்றி நோயில்லை, புகை மட்டும் எவருக்கும் சயரோகத்தைத் தருவதில்லை. ஆனால் கிருமியை உட்கொண்டோர் அனைவரும் நோயுறுவதில்லை என்பதும் உண்மை. நுரையீரலின் நுண்ணறைகளில் காவலிருக்கும் உயிரணுக்கள் கிருமிகளை விழுங்கி அடக்குகின்றன. நெடுநாட் புகையால் அக்காவல் தளர்கிறது. சுவாசக் குழாய்களைத் துப்புரவாக்கும் நுண்மயிர்களும் சோர்கின்றன. அப்பால் கிருமி தலைதூக்க வாய்ப்பு ஏற்படுகிறது.

1992-93ஆம் ஆண்டுகளில் இந்தியா முழுவதும் எடுக்கப்பட்ட குடும்ப நலக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வொன்று, விறகும் சாணமும் எரிக்கும் வீட்டாரிடையே சயரோகம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு எனக் கண்டது. பின்வந்த ஆய்வாளர் பலர் இந்த அளவை ஏற்கவில்லை. வறுமை, நெருக்கடி, ஊட்டக்குறைவு ஆகியவற்றிலிருந்து புகையின் பங்கைப் பிரித்தெடுப்பது எளிதன்று. லயத்திலோ இவையனைத்தும் ஒரே கூரையின்கீழ்க் கூடியிருந்தன.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872இல் சட்டம் பிறந்தது உண்மையே. எனினும் கண்காணிப்பு முதலில் பாய்ந்தது வாந்திபேதி, அம்மை போன்ற கொள்ளைநோய்களின் மீது. 1916இல் மாத்தளையில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் மெல்ல அரிக்கும் நோய்க்கு இத்தகைய அவசரம் கிட்டவில்லை. பி.சி.ஜி. தடுப்பூசி இலங்கைக்கு வந்தது 1949இல்.

சிகிச்சையில் பெரிய திருப்பம் சென்னையில் நிகழ்ந்தது. 1956இல் அங்கு தொடங்கிய சோதனையில் 193 ஏழை நோயாளர் இரு பிரிவாக்கப்பட்டனர்: ஒரு பிரிவினருக்கு ஆரோக்கிய நிலையத்தின் காற்றோட்டமும் நல்லுணவும் ஓய்வும், மற்றவர்க்கு அவர்தம் நெருக்கடியான வீடுகளிலேயே சிகிச்சை. மருந்து இரு சாராருக்கும் ஒன்றே. 1959இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது: குணமடைந்தோர் தொகையில் பெரிய வேறுபாடில்லை. பார்ன்ஸ் காலத்து மலைக்காற்று நம்பிக்கை அத்துடன் ஆட்டங்கண்டது. ஆனால் அச்சோதனை காட்டியது நோயுற்றவரைக் குணமாக்கும் வழியையே; நோய் வராமற் காக்கும் வினா அதற்கு வெளியே நின்றது.

அண்மைக் காலத்தில் மலையகத்தில் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடுகள் எழுந்துள்ளன. அவற்றில் சமையலறை தனி அறை. ஆயினும் லயங்களில் வாழ்வோர் இன்றும் பலர். 2022இல் நாடெங்கும் எரிவாயுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, கொழும்பு நகரத்தாரும் விறகு தேடி அலைந்தனர். லயத்துப் பெண்களுக்கு அது புதிய செய்தியன்று. அவர்களில் மிகப் பலர் விறகடுப்பை விட்டு நீங்கியதே இல்லை.