ஐம்பது மொபெட்டுகள்

அம்மா சைக்கிள் பழகியது பொன்னமராவதியில், ஓர் ஆண்கள் சைக்கிளில். பெண்கள் சைக்கிள் கிடைக்காத காலம் அது. புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு பாருக்கு மேல் காலைத் தூக்கிப் போட்ட கதையை இன்றும் சிரிக்காமல் அவளால் சொல்ல முடியாது. 1991. அறிவொளித் தொண்டராக அவள் சாயங்காலம் பக்கத்துக் கிராமத்துக்குப் போய் எழுத்துச் சொல்லித்தர வேண்டும். கடைசி பஸ்ஸை நம்பினால் வீடு வந்து சேர முடியாது.

எர்ணாகுளம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்ட பிறகு, அந்த அலை புதுக்கோட்டைக்கும் வந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார்; சைக்கிள் வாங்கக் கடனுக்கும் வழி செய்தார். 1992இல் எழுபதாயிரத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிளோட்டிக் காட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகம் அறியும். அதே ஆண்டு யுனிசெஃப் அறிவொளிப் பெண்களுக்கு ஐம்பது மொபெட்டுகளுக்கு உதவியது. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

எனக்கு அந்த வரிசை முக்கியமாகப் படுகிறது. பெண்கள் முதலில் ஓட்டினார்கள், பணம் பின்னால் வந்தது. நான் பிற்பாடு பார்த்த பல திட்டங்களில் இது தலைகீழ். திட்ட அறிக்கை எங்கோ எழுதப்பட்டிருக்கும். பெண்களைக் கூப்பிட்டு, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி, டீயும் வடையும் கொடுத்து அனுப்புவார்கள்.

இன்னொரு பணமும் இருந்தது. 1982இல் தொடங்கிய ஊரகப் பெண்கள் முன்னேற்றத் திட்டத்தில், டுவாக்ரா என்பார்கள், ஒரு குழுவுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் சுழல்நிதி. மத்திய அரசு, மாநில அரசு, யுனிசெஃப் மூன்றும் சமமாகப் போட்டது. ஆளுக்குப் பிரித்தால் ஓர் ஆட்டுக்குட்டிக்கு மேல் தேறாத தொகை. ஆனால் புதுக்கோட்டையில் இத்தகைய குழுக்களின் பெயருக்குக் கல்குவாரிக் குத்தகையும் வந்தது. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கல் உடைத்த பெண்கள், லோடு எத்தனை, லாரிக்காரன் தர வேண்டியது எவ்வளவு என்று தாங்களே எழுதிப் பார்த்தார்கள். எழுத்து அங்கே பாடமாக இல்லை, கணக்காக இருந்தது. குத்தகையை எந்த வெளிநாட்டு நிதியும் வாங்கித் தந்திருக்க முடியாது. அது அரசின் கையில் இருந்த அதிகாரம். அதனால்தான் ஒப்பந்தக்காரர்கள் அதைச் சகிக்கவில்லை. சுழல்நிதியைப் பற்றி அவர்களுக்கு ஒரு கவலையும் இருந்திருக்காது.

1989இல் தருமபுரியில் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமான ஐஃபாட் உதவியோடு சுய உதவிக் குழுக்கள் தொடங்கியிருந்தன. பின்னர் அதுவே மாநிலம் முழுவதும் மகளிர் திட்டமானது. டுவாக்ரா 1999இல் வேறொரு திட்டத்தில் கரைந்தது. பெண்களின் வெற்றியைக் கடன் திரும்பிய சதவீதத்தில் அளக்கும் பழக்கம் அப்போதுதான் வேரூன்றியது என்பது என் எண்ணம். குவாரி யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி அந்தப் படிவங்களில் இல்லை.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நெருக்கடி நிலையின்போது, 1976இல் வந்தது. 2010இல் புதிதாக இயற்றப்பட்டு, 2020 திருத்தத்தில் மேலும் இறுகியது. நிதி பெறும் நிறுவனம் அதை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவு ஐம்பது சதவீதத்திலிருந்து இருபதாகக் குறைந்தது. பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு புதுதில்லியில் ஒரே ஒரு வங்கிக் கிளையில். ஐ.நா. அமைப்புகள் இந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு மூலமே அல்ல என்பதால், ஐம்பது மொபெட்டுகள் இன்றும் வரலாம். வர முடியாதது, நகரத்துப் பெரிய நிறுவனம் ஒன்று தன் நிதியில் கொஞ்சத்தைப் பிரித்துப் பொன்னமராவதியில் வாடகை அறையில் இயங்கும் பெண்கள் குழுவுக்குத் தருவது. அறை வாடகை, அலுவலகம் பார்க்கும் பெண்ணின் சம்பளம் எல்லாம் நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் சேர்பவை. வன்முறை வழக்கில் ஒருத்தியோடு காவல் நிலையத்துக்கு நாலு தடவை நடப்பதற்கு வேறு என்ன செலவு உண்டு?

அம்மாவுக்கு மொபெட் வரவில்லை. கடனில் வாங்கிய சைக்கிளுக்குத் தவணையைத் தானே கட்டினாள். "யாரு குடுத்தா என்ன, பஞ்சர் காசு நம்மதானே" என்பாள். அந்த சைக்கிளில்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், பின்னால் கேரியரில்.