திரான்சியும் எங்கள் பிள்ளைகளும்

அக்காவின் மகனுக்குப் பதினாலு வயது. போன வசந்தகாலத்தில் அவனுடைய வகுப்பை ஆசிரியர்கள் திரான்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றிரவு நான் றெஸ்ரோரன்ற் வேலை முடிந்து வந்தபோது அவன் நித்திரை கொள்ளாமல் இருந்தான். "மாமா, அந்தக் காம்ப் இருந்த கட்டிடத்திலை இப்பவும் ஆக்கள் இருக்கினம். யன்னலிலை உடுப்புக் காயுது" என்றான். ஆறு மில்லியன் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது அவனுக்கு ஏற்கனவே தெரியும். அந்த எண் அவனுடைய நித்திரையைக் கெடுக்கவில்லை. காய்ந்துகொண்டிருந்த உடுப்புத்தான் கெடுத்தது.

அடுத்த லீவு நாளில் நானும் போய்ப் பார்த்தேன். திரான்சி எங்களுக்குத் தூரத்து ஊர் அல்ல. லாகூர்னேவ், பொபினி, லூபூர்ஜே என்று எம்மவர் நிறைந்திருக்கும் பக்கம்தான். அட்டை புதுப்பிக்கப் பொபினிக்குப் போய்வராதவர்கள் எங்களில் குறைவு. அதே பொபினியின் பழைய ரயில் நிலையத்திலிருந்துதான் 1943 யூலை தொடக்கம் 1944 ஓகஸ்ட் வரை 22,500 பேர் ஏற்றப்பட்டார்கள், பெரும்பாலும் அவுஷ்விட்ஸுக்கு. அந்த நிலையம் 2023இல் நினைவிடமாகத் திறக்கப்பட்டது.

திரான்சி முகாம் இருந்த கட்டிடத்தின் பெயர் 'லா முயெத்'. ஊமை என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். 1930களில் ஏழை எளியவர்கள் குடியிருக்கவென நவீனமுறையில் கட்டத் தொடங்கிய தொடர்மாடி அது. மூன்று பக்கம் கட்டிடம், நடுவில் நீண்ட முற்றம். வேலை முடியுமுன்னரே போர் வந்துவிட்டது. 1941 ஓகஸ்டில் அது யூதர்களுக்கான தடுப்பு முகாமாயிற்று. பிரான்சிலிருந்து நாடுகடத்தப்பட்ட ஏறத்தாழ 76,000 யூதர்களில் 63,000 பேர் வரையில் இந்த முற்றத்தைத் தாண்டித்தான் போனார்கள். உயிரோடு திரும்பியவர்கள் சுமார் 2,500 பேர். இப்போது அது மீண்டும் குடியிருப்பு. 2012இல் அதற்கு நேரெதிரே நினைவு அருங்காட்சியகம் ஒன்றைக் கட்டினார்கள். அதன் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்றுதான் மாணவர்கள் அந்தக் கட்டிடத்தைப் பார்க்கிறார்கள். மருமகன் உடுப்பைக் கண்டதும் அங்கேதான்.

அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் விடயங்களில் என்னை அதிகம் பாதித்தது அட்டைகளின் கதை. 1940 செப்ரெம்பரில் யூதர்கள் தம்மைப் பதிய வேண்டுமென்று ஜேர்மன் இராணுவம் கட்டளையிட்டது. பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் ஏறத்தாழ 150,000 பேர் வரிசையில் நின்று பதிந்தார்கள். சட்டத்தை மதித்தவர்கள் அவர்கள். பாரிஸ் பொலிஸ் தலைமையகத்தில் அந்திரே துலார் என்ற அதிகாரி இந்தப் பதிவுகளைப் பெயர், நாடு, தெரு, தொழில் என நான்கு விதமாக அடுக்கி வைத்தார். இதற்கு ஒரு துப்பாக்கிகூடத் தேவைப்படவில்லை. நேர்த்தியான கையெழுத்து உள்ள கிளாக்குமார் போதும்.

1942 யூலை 16, 17ஆம் திகதிகளில் 27,000க்கும் மேற்பட்ட அட்டைகளைக் கையில் கொண்டு கதவு கதவாகத் தட்டியவர்கள் பிரெஞ்சுப் பொலிஸார். 13,152 பேர் பிடிபட்டார்கள். அவர்களில் 4,115 பேர் பிள்ளைகள். பிள்ளைகளையும் சேர்த்து அனுப்பலாம் என்று ஜேர்மனியருக்கு முன்மொழிந்தவர் பிரெஞ்சு அரசாங்கத் தலைவர் பியேர் லவால். பிடிபட்டவர்களை ஏற்றிப் போனவை பாரிஸ் நகர பஸ்கள். அட்டைகளில் பெயர் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தப்பினார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். சில பொலிஸ்காரர் முதல்நாளே இரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். சில அயலவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஏதோவொன்றைச் செய்ய இடமிருந்தது என்பதுதான் இங்கே பாடம்.

இதை ஒத்துக்கொள்ளப் பிரான்சுக்கு எத்தனை வருடம் எடுத்தது? 1956இல் அலென் ரெனே முகாம்களைப் பற்றி ஒரு விவரணப்படம் எடுத்தார். அதில் ஒரு காட்சியில் முகாமுக்குக் காவல் நிற்பவனின் தலையில் பிரெஞ்சுத் தொப்பி தெரிந்தது. தணிக்கையாளர்கள் அதை மறைக்கச் சொன்னார்கள். மறைத்த பின்புதான் படம் வெளிவந்தது. கடைசியில் 1995 யூலை 16இல் ஜனாதிபதி ஜாக் சிராக் அந்தக் குற்றத்தில் பிரெஞ்சு அரசின் பங்கைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். 53 வருடங்கள் ஓடியிருந்தன. இப்போது பாடசாலைகளில் தொப்பியை மறைக்காமல் பாடம் நடத்துகிறார்கள்.

தப்பிவந்தவர்களின் மௌனமும் இதே அளவு நீண்டது. ஜினெத் கொலின்கா 2025 பெப்ரவரியில் நூறு வயதை எட்டியவர். 1944 மார்ச்சில் தகப்பனோடும் பன்னிரண்டு வயதுத் தம்பியோடும் பிடிபட்டு, திரான்சியில் அடைக்கப்பட்டு, ஏப்ரல் 13இல் பொபினியிலிருந்து அனுப்பப்பட்டார். அதே ரயிலில் பின்னாளில் அமைச்சரான சிமோன் வெயிலும், இஸியூ விடுதியில் பிடிக்கப்பட்ட 44 பிள்ளைகளில் 34 பேரும் இருந்தார்கள். பிர்கெனாவில் இறங்கியபோது, களைத்தவர்கள் லொறியில் ஏறலாம் என்றார்கள். பாவம், நடக்கத் தேவையில்லையே என்று தகப்பனையும் தம்பியையும் லொறியில் ஏறச் சொன்னவர் ஜினெத்தான். அந்த லொறிகள் நேராக நச்சுவாயு அறைக்குப் போயின.

திரும்பி வந்த ஜினெத் ஒபர்வில்லியே சந்தையில் துணிமணி வியாபாரம் செய்தார். அரை நூற்றாண்டுக்குமேல் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு பேசத் தொடங்கியவர் பாடசாலை பாடசாலையாகப் போனார். அந்த ஒரு வசனத்தை, "நான்தான் ஏறச் சொன்னேன்" என்பதை, அவர் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. மருமகனின் வகுப்பில் அவருடைய ஒளிப்பதிவைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை என்றான். தன்னை நல்லவளாகக் காட்ட எந்த முயற்சியும் செய்யாதவரின் சாட்சியம் அது. அதனால்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள்.

இனி எங்களுக்கு வருகிறேன். 1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலோடு வந்து தமிழர் வீடுகளை எரித்தார்கள். இது நான் பிறக்குமுன் நடந்தது. ஆனாலும் மனப்பாடம். துலாரின் அட்டைகளைப் பற்றிக் கேட்டதும் எங்களுக்கு முதலில் நினைவு வருவது அந்தப் பட்டியல்தான். அதில் தவறில்லை. "நாங்களும் யூதரைப் போல" என்று மேடைகளில் சொல்லும்போது எம்மவர் அதோடு நிறுத்திவிடுவதுதான் என் பிரச்சினை.

1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து 70,000க்கும் மேற்பட்டவர்கள் துரத்தப்பட்டார்கள். துரத்தியதும் வாயுவில் கொன்றதும் ஒன்றென்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்வது இரண்டு தரப்புக்கும் அநியாயம். நான் பேசுவது தொப்பியைப் பற்றி. சின்ன வயதில் சோனகதெருப் பக்கம் சைக்கிளில் போகும்போது கூரையும் கதவும் இல்லாத வீடுகளைக் கண்டு, இங்கே ஆர் இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டேன். "பேசாமல் வா" என்றார்கள். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கப் போய் இரண்டாம் வருடத்தோடு நின்றவன் நான். அதுவரைக்கும் ஒரு விரிவுரையிலும் அதைக் கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் யன்னல் கதவுகள் அங்கிருந்து கழற்றி வந்தவை என்று வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். அந்த யன்னலிலும் உடுப்புக் காய்ந்தது.

இதை மருமகனுக்குச் சொன்னேன். சொல்லாமல் விட்டால் திரான்சி அவனுக்கு யாரோ ஒரு ஜேர்மன்காரனின், யாரோ ஒரு பிரெஞ்சுக்காரனின் கதையாகவே நின்றுவிடும் என்று பட்டது. அவன் கேட்டது ஒரு கேள்விதான்: "அப்ப அவை ஆரும் உங்கடை பள்ளிக்கூடத்துக்கு வந்து கதைக்கேல்லையோ?"

இல்லை. ஆனால் அன்று வெளியேற்றப்பட்டவர்கள் புத்தளத்திலும் கொழும்பிலும் இன்னும் இருக்கிறார்கள். இங்கே ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். அப்போது இருபது வயதாயிருந்தவர்களுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர்களில் ஒருவரை அழைத்து, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் கதைக்க வைக்கலாமா என்று பொறுப்பாளர் ஒருவரிடம் கேட்டேன். "அதெல்லாம் சின்னப் பிள்ளையளுக்கு ஏன்?" என்றார். இதே பிள்ளைகளைத்தான் பிரெஞ்சு ஆசிரியர்கள் திரான்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த மாதமும் கேட்பேன்.