கூண்டில் ஒரு பிரதமர்

உவரியிலிருந்து கடலோரமாகவே தென்மேற்கே போனால் கூத்தன்குழி வரும். அதைத் தாண்டினால் இடிந்தகரை. பக்கத்திலேயே கூடங்குளம். 2011, 2012-ல் அணுமின் நிலையத்தை எதிர்த்துப் போராடிய இந்தப் பகுதி மக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. சும்மா கூட்டம் கூடிய வழக்கு மட்டுமல்ல. 124-ஏ. தேசத்துரோகம்! கடலுக்குப் போகிறவர்களும் பீடி சுற்றுகிறவர்களும் ஒரே எஃப்.ஐ.ஆரில் தேசத்தின் எதிரிகளானார்கள். போராட்டக்காரர்கள் மீதான வழக்குகளை வாபஸ் பெற முயற்சி எடுங்கள் என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது.

ஆக, அரசாங்கம் நினைத்தால் ஒரு மீனவரைக் கோர்ட்டுக்கு இழுக்க ஒரு ராத்திரி போதும். இதையே அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். நாட்டை ஆளுகிறவரே தப்பு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரைக் கூண்டில் ஏற்ற இதே அரசு வக்கீலால் முடியுமா?

சட்டத்தைக் கேட்டால், தாராளமாக முடியும். பதவியில் இருக்கும்வரை கிரிமினல் வழக்கு போடக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 361-வது பிரிவு பாதுகாப்பது குடியரசுத் தலைவரையும் கவர்னர்களையும்தான். அந்தப் பட்டியலில் பிரதமர் இல்லை. முதலமைச்சரும் இல்லை.

நடைமுறையைக் கேட்டால்? அதற்கு நரசிம்ம ராவின் கதையைச் சொல்ல வேண்டும்.

1993, ஜூலை. ராவ் நடத்திக் கொண்டிருந்தது மைனாரிட்டி அரசு. மக்களவையில் அப்போது 528 பேர். காங்கிரஸ் கையில் 251. பெரும்பான்மைக்குப் பதினான்கு பேர் குறைகிறார்கள். மார்க்சிஸ்ட் கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வருகிறது. அவ்வளவுதான், ஆட்சி காலி என்று டெல்லி பேசிக் கொண்டிருந்தது. ஜூலை 28-ம் தேதி ஓட்டெடுப்பு. தீர்மானத்துக்கு ஆதரவாக 251, எதிராக 265. ராவ் பிழைத்துவிட்டார்!

எப்படிப் பிழைத்தார்? ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவின் நான்கு எம்.பி.க்கள் பணம் வாங்கிக்கொண்டு அரசைக் காப்பாற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஓட்டெடுப்பு முடிந்த கையோடு டெல்லி நௌரோஜி நகரில் உள்ள பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையில் அவர்கள் கணக்குகளில் பணம் விழுந்திருந்தது. ராஜ்ய ரகசியம் பாங்க் பாஸ்புக்கில் உட்கார்ந்திருந்தது!

ஆனால் ராவ் பிரதமராக இருந்தவரை அவர் மேல் வழக்கு இல்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சி.பி.ஐ. எந்தத் துறையின் கீழ் வருகிறது? மத்திய அரசின் பணியாளர் துறை. அந்தத் துறை வழக்கமாக யார் கையில் இருக்கும்? பிரதமர் கையில். தன்னையே விசாரிக்கச் சொல்லி எந்தப் பிரதமர் ஃபைலில் கையெழுத்துப் போடுவார்?

1996-ல் தேர்தலில் தோற்று ராவ் வீட்டுக்குப் போனார். ஒரு பொதுநல வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டது. அதற்கப்புறம்தான் சி.பி.ஐ. சுறுசுறுப்பானது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நாடாளுமன்றத்துக்குள் போடுகிற ஓட்டுக்காக ஓர் உறுப்பினர் மீது எந்தக் கோர்ட்டிலும் வழக்குத் தொடர முடியாது என்கிறது 105-வது பிரிவு. 1998 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்து ஒரு விசித்திரமான தீர்ப்பைச் சொன்னார்கள். பணம் வாங்கி, சொன்னபடி ஓட்டுப் போட்டவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டு, ஓட்டே போடாதவருக்குக் கிடையாது. பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கும் கிடையாது. வாங்கினால் வாக்குத் தவறாதே என்பதுதான் நீதி போலிருக்கிறது! (இந்தத் தீர்ப்பைத் தவறு என்று தூக்கிப் போட ஏழு நீதிபதிகள் உட்கார வேண்டியிருந்தது. அது நடந்தது 2024 மார்ச்சில்.)

ராவ் தப்பவில்லை. 2000 செப்டம்பர் 29. டெல்லி விஞ்ஞான் பவனில் நடந்த தனி நீதிமன்றத்தில் நீதிபதி அஜித் பரிஹோக், ராவும் அவரது சகாவான பூட்டா சிங்கும் குற்றவாளிகள் என்றார். அடுத்த மாதம் தண்டனை அறிவிப்பு: மூன்று வருடக் கடுங்காவல். கிரிமினல் வழக்கில் தண்டிக்கப்பட்ட முதல் முன்னாள் பிரதமர். ஜாமீன் கிடைத்ததால் சிறைக்குப் போகவில்லை. 2002 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அவரை விடுதலையே செய்துவிட்டது. வழக்கின் முதுகெலும்பு அப்ரூவராக மாறிய எம்.பி.யின் சாட்சியம். அதை நம்ப முடியவில்லை என்றது கோர்ட்.

ராவ் குற்றமற்றவரா என்று இங்கே நாம் பட்டிமன்றம் நடத்த வேண்டாம். கவனிக்க வேண்டியது தேதிகளை. சம்பவம் 1993. வழக்கு 1996. நடுவில் மாறியது சட்டமா? இல்லை. நாற்காலி.

இதன் மறுபக்கத்தை நம்மூரிலேயே பார்க்கலாம். 1996-ல் ஆட்சி மாறியதும் ஜெயலலிதா மீது சொத்துக் குவிப்பு வழக்கு. 2001-ல் அவரே திரும்பவும் முதலமைச்சர். உடனே என்ன ஆயிற்று? ஏற்கெனவே சாட்சி சொன்னவர்களில் 76 பேர் மறுபடி கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள். 64 பேர் பல்டி அடித்தார்கள். 'இவர்கள் பிறழ் சாட்சிகள்' என்று எழுந்து சொல்ல வேண்டிய அரசு வக்கீல்? கப்சிப்! அவரை நியமித்ததே குற்றம் சாட்டப்பட்டவரின் அரசாங்கம்தானே.

தி.மு.க.வின் க.அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2003 நவம்பரில் வழக்கு பெங்களூருக்கு மாறியது. இனி வழக்கை நடத்துவது கர்நாடக அரசு. அதே வழக்கு, அதே சட்டம், வேறு வக்கீல். 2014 செப்டம்பரில் நீதிபதி குன்ஹா நான்கு வருட சிறை, நூறு கோடி ரூபாய் அபராதம் என்றார். அப்பீலில் தமிழக அரசு நியமித்த வக்கீல் ஆஜரானபோது, அந்த நியமனமே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 2015-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்ததும், விடாமல் மேலே போனது கர்நாடக அரசு. 2017 பிப்ரவரியில் குன்ஹாவின் தீர்ப்பே சரி என்று முடிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே ஜெயலலிதா காலமாகிவிட்டார்.

அமெரிக்காவில் 2024 மே மாதம் முன்னாள் அதிபர் டிரம்ப்பை 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று ஜூரிகள் சொன்னார்களே, அந்த வழக்கை நடத்தியவர் மன்ஹாட்டன் மாவட்டத்தின் அரசு வக்கீல். அவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர். வாஷிங்டனால் அவரை மாற்ற முடியாது. அந்த முறையிலும் ஆயிரம் கோளாறு உண்டு. தேர்தலில் நிற்கிற வக்கீலுக்கும் அரசியல் இருக்கும். ஆனால் அவருடைய வேலை, குற்றம் சாட்டப்பட்டவரின் தயவில் இல்லை.

நம்மிடம் இப்போது லோக்பால் இருக்கிறதே என்பீர்கள். 2013-ம் வருடத்துச் சட்டப்படி பிரதமர் மீதான ஊழல் புகாரையும் அது விசாரிக்கலாம். முழு அமர்வில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும். அப்படியும் சில விஷயங்களைத் தொடவே கூடாது. வெளியுறவு, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, விண்வெளி... அப்புறம் இன்னொன்று.

அணுசக்தி.

அதே அணுசக்தியைப் பற்றிக் கேள்வி கேட்டதற்குத்தான் இடிந்தகரை மக்கள் மேல் தேசத்துரோக வழக்கு. அதற்கு யாருடைய மூன்றில் இரண்டு பங்கு சம்மதமும் தேவைப்படவில்லை. உள்ளூர் ஸ்டேஷனில் ஓர் எஃப்.ஐ.ஆர். போதுமானதாக இருந்தது.