‘மதராசி’: ஒரு சொல்லின் படைக்கலப் பயன்பாடு (பம்பாய், 1960–1969)

1. முன்னுரை

‘அறிதல்சார் போர்’ என்னும் தொடர் 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் படைத்துறை ஆய்வுகளில் பரவலாயிற்று. எதிரியின் நிலத்தையோ படைக்கலனையோ அன்றி, மக்கள் உலகை அறியும் முறையையே தாக்குமிடமாகக் கொள்வது அதன் கருத்து. தொடர் புதிது, செயல் பழையது. பம்பாயின் மாதுங்கா, கிங்ஸ் சர்க்கிள் முதலிய பகுதிகளில் வாழ்ந்த தென்னிந்தியர் 1960களில் எதிர்கொண்ட பரப்புரையை, ஒரு சொல், ஒரு முழக்கம், ஒரு பட்டியல் ஆகிய மூன்று மொழிக்கூறுகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

2. களம்

தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் தோன்றியது. சண்முகானந்த சபை 1952இல் அமைந்து, அதன் அரங்கம் 1963இல் திறக்கப்பட்டது. கோயில், பள்ளி, உணவகம், இசையரங்கு என அனைத்தும் நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்த குடியிருப்பாகக் கிங்ஸ் சர்க்கிள் வட்டாரம் வளர்ந்தது. 1960 மே 1ஆம் நாள் மராட்டிய மாநிலம் உருவானபோது, அதன் தலைநகரில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்டோர் 1961 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 43 விழுக்காட்டினரே. வணிகத்தில் குசராத்தியர் முன்னின்றனர். ஆயினும், ஆங்கிலமும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று அலுவலகப் பணிகளில் அமர்ந்த தென்னிந்தியரே மராத்திய நடுத்தர வகுப்பின் நேர்ப்போட்டியாளராகத் தோன்றினர்.

3. சொல்

‘மதராசி’ என்பது ஒரு காலத்தில் ஆட்சி எல்லை சார்ந்த பெயர். உடுப்பி அடங்கிய தென்கன்னட மாவட்டமும் மலபாரும் சென்னை மாகாணத்துள் இருந்தவரை, அச்சொல்லுக்கு ஓரளவேனும் சுட்டுபொருள் இருந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1956 நவம்பர் 1 முதல் தென்கன்னடம் மைசூரையும் மலபார் கேரளத்தையும் சேர்ந்தன. 1969 சனவரியில் சென்னை மாநிலமே தமிழ்நாடு எனப் பெயர் மாறிற்று. சுட்டுபொருள் சுருங்கச் சுருங்க, சொல்லின் வழக்கோ விரிந்தது. துளுவும் கன்னடமும் பேசும் உடுப்பி உணவகத்தாரும், மலையாளியரும், தெலுங்கரும், தமிழரும் அதனுள் ஒன்றாயினர். அடையாளம் காட்டுவதற்கன்றி அயன்மை காட்டுவதற்கே அச்சொல் இப்போது பயன்பட்டது. பொருள் தளர்ந்திருந்ததே அதன் வலிமை. யாரையும் அதனுள் அடக்கலாம்.

4. முழக்கம்

‘பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி’ (குழலை ஊது, லுங்கியை விரட்டு) என்பது அக்காலத்து முழக்கம். இதன் இரு ஏவல் வினைகளும் மராத்தி வடிவங்கள் அல்ல. பம்பாய்த் தெருவின் இந்துத்தானி வடிவங்கள். மராத்தியர் நலன் பேசிய இயக்கம், நகரின் பொதுமொழியிலேயே தன் முழக்கத்தை வார்த்துக்கொண்டது. ‘லுங்கி’ உடுத்தவரைக் குறிக்கும் ஆகுபெயர். வேட்டி, முண்டு, பஞ்சை, கைலி என்னும் வேறுபாடுகளை அது அழித்துவிடுகிறது. போட்டிக்குரியவராகக் கருதப்பட்ட அலுவலரோ பணியிடத்திற்குக் காற்சட்டை அணிந்து சென்றவர். போட்டி அலுவலகத்தைப் பற்றியது. ஏளனமோ வீட்டுடையைக் குறிவைத்தது. இயைபுத் தொடை நினைவில் நிற்கும். நினைவில் நிற்பது வாதமின்றியே உண்மைபோல் தோன்றும்.

5. பட்டியல்

பால் தாக்கரே 1960 ஆகசுடில் ‘மார்மிக்’ என்னும் கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். நிறுவனங்களில் பணிபுரியும் மராத்தியர் அல்லாதார் பெயர்கள் அதில் நிரலாக வெளியிடப்பட்டன. தலைப்பு ‘வாச்சா ஆணி தண்ட பசா’ என்பது. சொற்பொருளில் ‘படியுங்கள், அமைதியாக இருங்கள்’ எனினும், பேச்சுச் செயல் நோக்கில் இது விலக்கு வடிவில் வந்த தூண்டல். பின்னர் அது ‘வாச்சா ஆணி உட்டா’ (படியுங்கள், எழுங்கள்) என வெளிப்படை ஏவலாயிற்று.

பட்டியல் பொய் சொல்ல வேண்டியதில்லை. தென்னிந்தியர் எத்தனை பேர் என்று காட்டும். மொத்தம் எத்தனை பேரில் என்று காட்டாது. எளிதில் நினைவுக்கு வருவதையே மிகுதியாக நிகழ்வதாக மனம் கணிக்கும் என்பதைத் துவெர்சுகியும் கானமனும் 1973இல் விளக்கினர். மேலும், பெயர் பிறப்பிடத்தைக் காட்டாது. பம்பாயிலேயே பிறந்து மராத்தி பேசுபவரும் தம் பெயரொலியால் அயலாராவார். பெயர்களைப் பொதுவெளியில் அறிவித்தல் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதை 1994இல் உருவாண்டா வானொலி காட்டிற்று. பம்பாய் நிகழ்ச்சிகளை அப்பேரழிவுக்கு நிகராக வைத்தல் பொருந்தாது. எனினும், பெயரை இலக்காக்கும் மொழிச்செயல் இரண்டிற்கும் பொது.

6. விளைவு

1966 சூன் 19 அன்று சிவசேனை நிறுவப்பட்டது. அக்டோபர் 30 அன்று சிவாஜி பூங்காவில் நடந்த முதற்பெருங்கூட்டத்தின்பின் தென்னிந்திய உணவகங்கள் தாக்கப்பட்டன. 1967 பொதுத்தேர்தலில் வடகிழக்குப் பம்பாய்த் தொகுதியில் சுயேச்சையாக நின்ற வி. கே. கிருஷ்ண மேனனை எதிர்த்துச் சேனை பரப்புரை செய்தது, அவர் தோற்றார். அவர் மலையாளி என்பதும் ‘மதராசி’ என்னும் சொல்லின் விரிவுக்குச் சான்று.

அச்சத்தின் இயக்கம் இருதரப்பிற்கும் உரியது. ஒரு தரப்பு தன் காப்பிற்காகச் செய்வது மறுதரப்பிற்கு அச்சுறுத்தலாகத் தோன்றும் நிலையை யான் ஏர்சு 1950இல் நாடுகளிடையே கண்டு ‘பாதுகாப்பு இருதலைச் சிக்கல்’ என்றார். நகர வாழ்விலும் அது பொருந்தும். தம்மவர் சூழ வாழ்தல் சிறுபான்மையினர்க்குக் காப்பு. அதே செறிவு பிறர் கண்ணுக்கு ஒதுங்கலாகவும் ஆதிக்கமாகவும் தோன்றலாம். வேலையில்லா மராத்திய இளைஞரின் குறை உண்மையானது. அதற்கு யார் காரணம் என்று சுட்டிய சொல்லே குறையுடையது.

7. முடிவுரை

இக்கால ஆவணங்களை மொழிபெயர்ப்போர் ‘மதராசி’ என்பதைத் ‘தமிழர்’ எனப் பெயர்த்தல் தகாது. அவ்வாறு பெயர்த்தால், கல்லெறிபட்ட துளு உணவகத்தார் வரலாற்றிலிருந்து மறைவர். நால்வகை மொழியினர் மீது நிகழ்ந்த தாக்குதல் இரு மொழியினரிடை மூண்ட பூசலாகத் திரியும். அச்சொல்லை அவ்வாறே நிறுத்தி, அதன் பரப்பைக் குறிப்பால் விளக்குதலே நேர்மை. பட்டியலின் தலைப்பையும் அதன் ஏளனத் தொனி புலப்படுமாறு ‘படியுங்கள், பேசாமல் உட்கார்ந்திருங்கள்’ எனப் பெயர்த்தல் வேண்டும். ‘அமைதி காக்க’ என்று பெயர்ப்பின், தூண்டியவர் அமைதி கூறியவராகிவிடுவார்.